கூன் நிமிர ஒரு நாட்டியம்



போன இதழில் கேழ்வரகுக் களியைப் பற்றி எழுதினேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களைப் படித்துவிட்டு, "இந்த வாட்டி உன் பக்கத்துல என்ன சமையல்?" என்று கேட்டார் எங்க வீட்டுக்காரர். "இந்த வாட்டி நாட்டியம்" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்துத் தலையில் தட்டினேன்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. மேடை ஏறி ஒரு கோலாட்டம்கூட ஆடியதில்லை. எனக்கும் நாட்டியத்துக்கும் உள்ள சம்பந்தமெல்லாம் பெரிய பெண்ணால் வந்ததுதான். ஏழு வயதிலிருந்து பக்கத்துத் தெரு டீச்சரிடம் பரதம் கற்றுக்கொண்டாள். மாதச் சம்பளம், சலங்கை, ஆண்டு விழாவுக்கு வாடகை நகை எல்லாமே என் ஊசியில் இருந்து வந்த பணம்தான். ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஷூ கம்பெனிக்காரர்கள் 'அப்பர்' என்கிற மேல்பாகத்தை ஏஜென்ட் மூலம் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். விரலில் ரப்பர் சுற்றிக்கொண்டு, தரையில் குந்தி, தோலை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கையால் தைக்க வேண்டும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பதினெட்டு வருஷமாகத் தைக்கிறேன். காலையில் எழுந்தால் இடுப்பு நிமிர ஐந்து நிமிஷம் ஆகும்.

அந்தப் பணத்தில் ஒரு சீட்டுப் போட்டு வைத்திருந்தேன், இவளுடைய அரங்கேற்றத்துக்கு. இந்த வருஷம் சீட்டு எடுத்தாயிற்று. மண்டபம், பக்கவாத்தியம், பட்டு, சாப்பாடு என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். அப்போது இவள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, எனக்கு அரங்கேற்றம் வேணாம்மா. பெங்களூர்ல தற்கால நடனம் மூணு மாசம் கத்துத் தராங்க. பி.காம். பரீட்சை முடிஞ்சதும் நான் அங்க போறேன்."

எனக்கு வந்ததே கோபம்! "பதிமூணு வருஷம் கத்துக்கிட்டது என்னத்துக்கு? சொந்தக்காரங்ககிட்ட என்ன சொல்றது?" என்று கத்திவிட்டேன். மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. சோறு போடுவேன், சாப்பிடுவாள். அவ்வளவுதான்.

நாலாம் நாள் நான் தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நூலில் மெழுகு தடவிக் கொடுத்தபடியே, "ஒரு கதை சொல்றேன், கேளும்மா" என்று ஆரம்பித்தாள்.

சந்திரலேகா என்று ஒரு அம்மாள். 1928-இல் மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பரதம் கற்க வேண்டும் என்று சென்னைக்கு வந்தார். காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் கற்றார். 1952-இல் அவருடைய அரங்கேற்றம். ராயலசீமையில் மழை பொய்த்துச் சனங்கள் தவித்த சமயம். அந்த வறட்சி நிவாரண நிதிக்காகத்தான் அந்த நிகழ்ச்சியே நடந்தது. மேடையில் அவர் ஆடியதோ யமுனை நதியில் கோபியர் நீராடுவதும் தண்ணீர் மொள்வதும் இறைத்து விளையாடுவதும்! ஆடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு மனசில் சுருக்கென்றதாம். வெளியே ஒரு குடம் தண்ணீருக்கு ஆளில்லாத பூமி, உள்ளே கைமுத்திரையில் வெள்ளமாய் யமுனை. இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்ற அந்தக் கேள்வி அவரைக் கடைசி வரை விடவில்லை.

என் ஊசி நின்றுவிட்டது. ஏனென்றால் எங்கள் ஆண்டு விழாவில் இவளும் அதே யமுனையைத்தான் ஆடினாள். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவள் நான். எங்கள் ஊரை ஒட்டிப் பாலாறு இருக்கிறது. பேர்தான் ஆறு, பார்த்தால் மணல். என் மாமியார் கல்யாணமாகி வந்த புதிதில் ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டு வருவாராம். பிறகு தோல் கழிவு இறங்கிக் கிணறெல்லாம் உப்பாகி, உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போய், 1996-இல் தீர்ப்பும் வந்தது. இன்றைக்கும் எங்கள் தெருவில் குடிக்கத் தண்ணீர் கேனில்தான் வாங்குகிறோம். தோல் தொழிலைக் குறை சொல்லி நான் என்ன செய்ய? என் சோறும் அதில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த அம்மாளுக்கு மனசில் பட்டது எனக்குப் படவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"அப்புறம் ஆடறதையே விட்டுட்டாங்களா?" என்று கேட்டேன். மூன்று நாளுக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்!

நடுவில் பல வருஷம் மேடையை விட்டு விலகியே இருந்தாராம். எழுத்து, சுவரொட்டி ஓவியம், பெண்கள் இயக்கம் என்று வேறு வேலைகள். பிறகு 1985-இல் 'அங்கிகா' என்ற படைப்போடு திரும்பி வந்தார். அதில் பரத நாட்டியக்காரர்களோடு கேரளத்துக் களரிப் பயிற்சி வீரர்களையும் சேர்த்து மேடையேற்றினார். யோகாசனமும் உண்டு. இந்த மூன்றும் ஒரே உடம்பில் இருந்து, ஒரே மண்ணில் இருந்து வந்தவைதானே, ஏன் தனித்தனியாக வைத்திருக்கிறோம் என்பது அவர் கேள்வி. நெற்றிச்சுட்டி இல்லை, ஒட்டியாணம் இல்லை, முகம் நிறையப் பூச்சு இல்லை. சாதாரணப் புடவைக்கட்டில் பெண்கள் ஆடினார்கள். கதை சொல்கிற அபிநயத்தைவிட, உடம்பின் கோடும் பலமும் மூச்சும்தான் அவருக்கு முக்கியம்.

1989-இல் 'லீலாவதி' என்று ஒன்று. பாஸ்கராச்சாரியார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய கணக்குப் புத்தகம் அது. பூவில் எத்தனை பங்கு வண்டு, மிச்சம் எத்தனை என்று கேட்கிற கணக்கை ஆடினார்களாம்! கணக்கென்றாலே எனக்குக் காய்ச்சல் வரும். இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் நானும் பதினொன்றாம் வகுப்புக்குப் போயிருப்பேனோ என்னவோ.

பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரை ஓரம் அவர் வீடும் 'ஸ்பேசஸ்' என்கிற அரங்கமும் இருந்தன. 2006 டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். 2004-இல் சங்கீத நாடக அகாடமியின் உயர்ந்த மரியாதையான ஃபெலோஷிப் அவருக்குக் கிடைத்தது. அதற்காக எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள் என்று நினைக்காதீர்கள். "இது பரதமே இல்லை" என்று சொன்ன ரசிகர்கள் நிறையப் பேர். நானும் அன்றைக்கு இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இப்போது என் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் மகள் கைப்பேசியில் சில துண்டுப் படங்களைக் காட்டினாள். 1990-91-இல் அந்த அம்மாள் அமைத்த 'ஸ்ரீ' என்ற நடனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே காட்டினாள். அதில் பெண்கள் முதுகை வளைத்துக்கொண்டு, தலை தொங்க, மெல்ல மெல்லக் கால் தேய்த்து மேடையைக் கடக்கிறார்கள். பாட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. 'இது என்ன டான்ஸ்?' என்று நான் நினைத்தேன். எழுபத்தெட்டு வயது மாமியார் எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நீட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது? நடவு நட்டுட்டு நாங்க வூட்டுக்கு வர்றா மாரியே கீதே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு முதுகு கூன். பாலாற்றுத் தண்ணீர் பாய்ந்த காலத்தில் நாற்பது வருஷம் சேற்றில் குனிந்த முதுகு. அதற்குப் பிறகு என் முதுகு, தோலின் மேல் குனிந்த முதுகு. இதையெல்லாம் யாராவது மேடையில் ஆடிக் காட்டுவார்கள் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை. மேடை என்றால் ராதை, மேடை என்றால் மீனாட்சி. நாங்கள் முன்வரிசையில்கூட இல்லாதவர்கள்.

மாமியார் இன்னொன்று கேட்டார்: "கடைசில நிமிர்றாளுங்களா?"

"நிமிர்றாங்க ஆயா" என்றாள் பேத்தி. அந்த நடனத்தின் முடிவில் பெண்கள் முதுகெலும்பு நிமிர்ந்து, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நின்று, பல கைகள் கொண்ட தேவியாக ஆகிவிடுகிறார்களாம். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

சகோதரிகளே, அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. கோபம் போய்விட்டது, பயம் மட்டும் பாக்கி. மறுநாளில் இருந்து மகளைக் கேள்வி கேட்டே துளைத்துவிட்டேன். உங்களுக்கும் அதே கேள்விகள் இருக்கும். எனவே கேட்டதைச் சொல்கிறேன்.

முதலில், "குழு, குழு என்கிறாயே, அங்கே யார் சொல்லிக் கொடுப்பார்கள்?" என்றேன். நம் டீச்சரம்மா மாதிரி ஒரே குரு கடைசி வரைக்கும் என்பது இந்தக் குழுக்களில் கிடையாதாம். குழுவுக்கென்று ஒரு நடன அமைப்பாளர் இருப்பார். வேறு ஊரில், வேறு தேசத்தில் இருந்து விருந்தாளியாக இன்னொருவர் வந்து சில வாரம் தங்குவார். தன் முறையைச் சொல்லிக் கொடுத்து, இவர்கள் முறையைத் தானும் பார்த்து, இரண்டும் சேர்ந்து ஒரு புது நடனத்தை உண்டாக்குவார்கள்.

எனக்கு இது சம்பந்தி வீட்டுச் சமையல் மாதிரி தோன்றியது. புது மருமகள் வந்து தன் அம்மா வீட்டு வழியில் புளி கரைப்பாள். மாமியார் தன் பொடியைத்தான் போடுவாள். முதல் மாதம் அடுக்களையில் ஒரே சத்தம். ஒரு வருஷம் கழித்து அந்த வீட்டில் ஒரு குழம்பு பிறக்கும். இரண்டு வீட்டிலும் இல்லாத ருசி, ஆனால் இரண்டு வீட்டுக்காரரும் "இது எங்கள் குழம்பு" என்பார்கள். ஒருத்தி மற்றவளை அடக்கிவிட்டால் அந்தக் குழம்பு பிறக்காது.

இதற்கு மகள் சொன்ன உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் நிருத்யகிராம் என்ற நடன கிராமம் 1990-இல் தொடங்கியது. அங்கே ஆடுவது ஒடிசி. இலங்கையில் கொழும்பில் சித்ரசேனா குழு ஆடுவது கண்டி நடனம். இந்த இரண்டு குழுவும் சேர்ந்து 2012-இல் 'சம்ஹாரா' என்ற நடனத்தைப் படைத்தன. ஒடிசியில் இடுப்பும் தோளும் வளைந்து நெளியும். கண்டியிலோ முழங்காலை அகல மடித்து, பறைமேளம் போல அதிர ஆட வேண்டும். அந்த அடிப்படை நிலைக்குச் சிங்களத்தில் 'மண்டிய' என்று பேராம். நம்முடைய அரைமண்டியை நினைத்துக்கொண்டேன். கடல் தாண்டினாலும் முழங்கால் ஒன்றுதானே! ஒருவர் மற்றவர் நடனத்தைக் காப்பி அடிக்கவில்லை. அவரவர் நடனத்தை அவரவர் ஆடி, ஒரே தாளத்தில் சந்தித்துக்கொண்டார்கள். இன்னொரு சேதியும் உண்டு. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த அந்தக் கண்டி நடனத்தை மேடைக்குக் கொண்டு வந்த முதல் பெண்களில் முக்கியமானவர் சித்ரசேனாவின் மனைவி வஜிரா. நம் அரசாங்கம் 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

ஜெர்மனியில் பீனா பௌஷ் என்று ஒரு நடன அம்மையார் இருந்தார். 1973-இல் இருந்து உப்பர்டால் என்ற ஊரில் குழு நடத்தியவர், 2009-இல் மறைந்தார். 1994-இல் இந்தியாவுக்கு வந்து, மேடை முழுக்க கார்னேஷன் பூ நட்டு, அதன் நடுவே ஆட வைத்தார். சந்திரலேகாவும் அவரும் சிநேகிதிகள். சந்திரலேகா 1994-இல் அமைத்த 'யந்திரா'வை அவருக்கே சமர்ப்பித்தார். பாஷை வேறு, தேசம் வேறு, ஆனால் சமையலறைத் தோழிகள் மாதிரி இரண்டு பேர்!

"அதெல்லாம் பெரிய ஊர்க்காரங்க" என்று நான் இழுத்தேன். எங்க வீட்டுக்காரர் அதுவரை பேப்பர் படிப்பது போல் பாவனை செய்துகொண்டிருந்தவர், "ஏன், நம்ம புரிசைக் கூத்துக்காரங்க பண்ணலியா?" என்றார். பழைய வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த புரிசை, இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. பாரதம் கட்டிய அந்தத் தெருக்கூத்துப் பரம்பரை, ஜெர்மன் பிரெக்ட்டின் நாடகத்தையும், கொலம்பியா தேசத்து மார்க்வெஸின் கதையையும் அதே கட்டையோடு, அதே அடவோடு ஆடியிருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்கள் நாம். புதுமை நமக்குப் புதிசு ஒன்றும் இல்லை.

அடுத்த கேள்வியைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். "ஆணும் பெண்ணும் தொட்டு ஆடுவார்களாமே?" ஒளிக்காமல் சொன்னாள். ஆமாம், ஆடுவார்கள். சந்திரலேகாவின் கடைசிப் படைப்பு 2001-இல் வந்த 'சரீரா'. துருபத் என்ற வடநாட்டுப் பழைய இசையில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் மிக மிக மெதுவாக ஆடுகிற நடனம். அதில் ஆடிய திஷானி தோஷி கவிதை எழுதுகிற பெண். நடனமே கற்காமல், இருபத்தாறு வயதில் அந்த அம்மாளிடம் போய்ச் சேர்ந்தவர். கூட ஆடியவர் களரிக்காரர். ஒரு துண்டு பார்த்தேன். முதலில் எனக்கும் கூச்சம்தான். பார்க்கப் பார்க்க, பெண்ணின் உடம்பை வெறித்துப் பார்க்கிற சினிமாப் பாட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் புரிந்தது. சினிமாப் பாட்டை நாம் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிறோம், அதற்குக் கூசுவதில்லை! ஆனாலும் ஒன்று சொல்லிவிட்டேன்: "உனக்கு மனசு ஒப்பாததை யார் சொன்னாலும் ஆடாதே. வேண்டாம்னு சொல்லத் தெரியணும்." "அதைத்தாம்மா முதல்ல சொல்லித் தரணும்" என்றாள்.

கடைசிக் கேள்வி, சோறு போடுமா? இதற்குப் பூசி மெழுகாமல் பதில் சொல்கிறேன். சுலபமாகப் போடாது. பத்மினி செட்டூர் என்பவர் 1990-களில் சந்திரலேகா குழுவில் ஆடிவிட்டு, பிறகு சென்னையில் தனக்கென்று ஒரு குழு அமைத்து இந்தத் துறையில் பேர் வாங்கினார். அப்படி நிலைத்தவர்கள் சிலர். நிலைக்காதவர்கள் பலர் இருப்பார்கள். அதனால் பி.காம். முடிக்காமல் அடி எடுத்து வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவளும் ஒத்துக்கொண்டாள்.

பரீட்சை முடிந்ததும் நானும் அவளோடு பெங்களூர் ரயில் ஏறினேன். பயிற்சிக் கூடத்தை நேரில் பார்த்தேன். உங்கள் பெண்களும் நாளைக்கு இப்படிக் கேட்டால், பேரைப் பார்த்து மயங்காமல் இதையெல்லாம் பாருங்கள். தரை சிமெண்ட்டா, மரமா? சிமெண்ட்டில் தினமும் குதித்தால் முழங்கால் தேய்ந்துவிடும். ஆடுவதற்கு முன் உடம்பைச் சூடாக்கவும், ஆடிய பின் தளர்த்தவும் நேரம் விடுகிறார்களா? அடிபட்டால் யார் பார்ப்பது? பெண்களுக்குத் தங்க இடம் எப்படி, ராத்திரி ஒத்திகை முடிந்தால் யார் கொண்டுவந்து விடுவார்கள்? விருந்தாளி ஆசிரியர்மேல் ஒரு புகார் என்றால் யாரிடம் சொல்வது? கட்டணத்தில் எது சேரும், எது சேராது? நான் இத்தனையும் கேட்டேன். அங்கிருந்த பெண் சிரிக்காமல், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அதில்தான் எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது.

சாப்பாட்டையும் மறக்காதீர்கள். மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்கிற பெண்ணால் மூன்று மணி நேரம் அரைமண்டியில் நிற்க முடியாது. என் பெண்ணுக்கு வறுத்த வேர்க்கடலை, எள்ளுருண்டை, கேழ்வரகு மாவு கட்டிக் கொடுத்தேன். முட்டை அங்கேயே கிடைக்கும்.

சீட்டுப் பணத்தில் பயிற்சிக்குப் போனது போக மிச்சத்தை அவள் பேரிலேயே போட்டு வைத்திருக்கிறேன். அரங்கேற்றம் ஏன் நடக்கவில்லை என்று நாத்தனார் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பதில் சொல்லி முடியவில்லை. மகள் அதில் நிலைப்பாளா, மூன்று மாதத்தில் திரும்பி வருவாளா, எனக்கே தெரியாது. வந்தாலும் வரட்டும். வீடு இங்கேதான் இருக்கிறது.

போவதற்கு முன் எனக்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். உட்கார்ந்து தைக்கிற, பீடி சுற்றுகிற, குழந்தையை இடுப்பில் தூக்குகிற சகோதரிகள் எல்லோரும் செய்யலாம். சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். குதிகால் சுவரில் இருந்து நாலு விரற்கடை தள்ளி இருக்கட்டும். பிட்டம், தோள், முடிந்தால் பின்தலை சுவரில் படட்டும். வயிற்றை லேசாக உள்ளிழுத்து, மூச்சை அடக்காமல் பத்து முறை நிதானமாக விடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை வேலையை விட்டு எழுந்து இப்படி நின்றால் போதும். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ பயிற்சி செய்து பார்க்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் நான் அப்படிச் சுவரோடு நின்றுகொண்டிருந்தேன். மாமியார் வந்து பக்கத்தில் நின்றார். அவர் தோள் சுவரைத் தொடவில்லை, இனித் தொடவும் தொடாது. "எனக்கு இவ்ளோதான்டி வரும்" என்றார். "வந்த வரைக்கும் நில்லுங்க அத்தை" என்றேன். பத்து மூச்சும் எண்ணி முடித்துவிட்டுத்தான் திண்ணைக்குப் போனார்.

நீங்களும் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் என்ன ஆடுகிறார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த இதழில் வெயில் காலத்துக்கு வடகம் போடுகிற கதையோடு வருகிறேன்.